முகம் காட்ட மறுத்த ஆல்பம்

அலமாரிக்குள் ஒரு கறுப்புத் தோல் ஜாக்கெட் தொங்குகிறது. கோரஸில் 'ஃப்ரீடம்' என்ற சொல் ஒலிக்கும்போது அதில் தீப்பிடிக்கிறது. அந்தச் சொல் மறுபடி வரும்போது ஒரு ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாட்டுப் போடும் பெட்டி) வெடித்துச் சிதறுகிறது. அப்புறம் ஒரு கிடார். 'ஃப்ரீடம்! '90' என்ற அந்த ஆறரை நிமிடப் பாட்டு, மூன்றையும் தீர்த்துக்கட்டிவிட்டுத்தான் ஓய்கிறது. வீடியோ முழுக்கத் தேடினாலும் பாடகர் கிடைக்க மாட்டார். அவர் குரலுக்கு வாயசைப்பவர்கள் நவோமி கேம்பல், லிண்டா இவாஞ்சலிஸ்டா, கிறிஸ்டி டர்லிங்டன், சிண்டி கிராஃபோர்ட், தத்யானா பாட்டிட்ஸ் என்று அன்றைய ஃபேஷன் உலகின் முதல் வரிசை மாடல்கள். ஒருவர் குளியல்தொட்டியில் கிடக்கிறார், ஒருவர் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு நடக்கிறார். இயக்கியவர் டேவிட் ஃபின்ச்சர். அப்போது அவர் ஒரு சினிமாகூட எடுத்திருக்கவில்லை.

எரிந்தது யாருடைய ஜாக்கெட் என்று 1990இல் பாப் கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மூன்று வருடம் முன்பு 'ஃபெய்த்' பாட்டின் வீடியோவில் பிரிட்டிஷ் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றார். ஜூக்பாக்ஸும் கிடாரும் அந்த வீடியோவின் சாமான்கள்தான். கூடவே ஜீன்ஸ், கறுப்புக் கண்ணாடி, சில நாள் தாடி, தாளத்துக்கு அசையும் இடுப்பு. 1987இல் அதே பெயரில் வந்த ஆல்பம் உலகம் முழுக்க இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் அதிலிருந்து நான்கு பாட்டுகள் முதலிடத்தைத் தொட்டன, ஆல்பமே 12 வாரம் பட்டியலின் உச்சியில் இருந்தது. 1989இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியும் கிடைத்தது. கிட்டத்தட்ட எல்லாப் பாட்டையும் எழுதி, இசையமைத்து, தயாரித்தது அவரே. பல வாத்தியங்களை வாசித்ததும் அவரே. ஆனால் பார்த்தவர்கள் மனதில் நின்றது ஜாக்கெட்டும் இடுப்பும்.

அதற்கு முன்பும் கதை அதேதான். 'வாம்!' என்ற இரட்டையர் குழுவில் ஆண்ட்ரூ ரிட்ஜ்லியோடு சேர்ந்து அவர் பதின்வயதுப் பெண்களின் கனவு நாயகனாக இருந்தார். 1986 ஜூனில் வெம்ப்ளி அரங்கில் கடைசிக் கச்சேரி வைத்துக் குழுவைக் கலைத்துவிட்டுத்தான் 'ஃபெய்த்' பக்கம் வந்தார். பெரியவர்களும் தன்னைக் கேட்க வேண்டும் என்பது ஆசை. கேட்கவும் செய்தார்கள். ஆனால் விற்றது மறுபடியும் முகம்தான்.

இதைச் சரிசெய்ய நினைத்து 1990 செப்டம்பரில் அவர் வெளியிட்டதுதான் 'லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ், தொகுதி 1'. முன்முடிவு இல்லாமல் கேளுங்கள் என்று அர்த்தம். அட்டையில் அவர் படம் இல்லை, பெயரும் இல்லை. அமெரிக்காவில் உறைமேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித்தான் இது யாருடையது என்று சொன்னார்கள். அட்டையில் இருப்பது ஒரு பெருங்கூட்டம். வீஜி என்ற நியூயார்க் பத்திரிகைப் புகைப்படக்காரர் 1940 ஜூலையில் கோனி ஐலண்ட் கடற்கரையில் எடுத்த படத்தின் ஒரு பகுதி. வெயிலில் நெருக்கியடித்து நிற்கும் அத்தனை பேரும் கேமராவையே பார்க்கிறார்கள். அவர்களைத் தன் பக்கம் திருப்ப வீஜி கத்தினார், ஆடினார் என்று கதை உண்டு.

இந்தப் படத்தை வெறும் அடக்கம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடையில் நிற்பவன் கண்ணுக்கு என்ன தெரியும்? இதுதான் தெரியும். இதுவரை அட்டையில் நாம் அவரைப் பார்த்தோம். இந்த முறை அவர் நின்ற இடத்தில் நம்மை நிறுத்தி, அவர் தினமும் பார்த்ததை நமக்குக் காட்டிவிட்டார். 1988 முழுக்க ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவருக்கு அந்தக் காட்சி மனப்பாடம்.

தலைப்பில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்பது வக்கீல் கடிதங்களின் தலையில் போடும் சொல். சமரசம் பேசுகிறோம், இதை நாளைக்கு எங்களுக்கு எதிராகக் கோர்ட்டில் காட்டாதே என்று அர்த்தம். அவர் மனதில் வேறு காரணங்கள் இருந்தன. 1989 ஜனவரியில் அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸில் ஆர்&பி என்ற கறுப்பின இசைப் பிரிவின் ஆண் பாடகர் விருதையும் ஆல்பம் விருதையும் இந்த வெள்ளைக்கார இளைஞருக்குக் கொடுத்தபோது கறுப்பினக் கலைஞர்கள் சிலர் வெளிப்படையாகவே முகம் சுளித்தார்கள். யார் எந்த இசையைப் பாடலாம், எந்த வானொலி யாரைப் போடும் என்ற வேலிகள் அவரை உறுத்திக்கொண்டிருந்தன. ஆனால் வக்கீல் பாஷையில் தலைப்பு வைத்த ஆல்பம் கடைசியில் வக்கீல்கள் கையிலேயே போய்ச் சேர்ந்ததைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? பத்துப் பாட்டுகள். 'ஃபெய்த்'திலிருந்து நேரே இங்கே வந்தவர்களுக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்திருக்கும். ஆட வைக்கும் பாட்டு என்று ஒன்றிரண்டைத்தான் சொல்ல முடியும். முதல் பாட்டான 'ப்ரேயிங் ஃபார் டைம்' ஓர் இரங்கல் ஊர்வலத்தின் வேகத்தில் நகர்கிறது. மெதுவான டிரம்ஸ், அக்கூஸ்டிக் கிடார், எதிரொலி போர்த்திய குரல். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் ஞாபகம் வருகிறது என்று அப்போதே சொன்னார்கள். இருப்பவன் இன்னும் சேர்க்கிறான், இல்லாதவனுக்குக் கொடுப்பதை நாளைக்குத் தள்ளிப்போடுகிறோம், கடவுளே முதுகைக் காட்டிவிட்டாரோ என்று போகிறது பாட்டு. காதல் இல்லை, ஆட்டம் இல்லை. 27 வயது பாப் நட்சத்திரம் பெரிய இடைவெளிக்குப் பிறகு முதலில் விடும் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) இது! அமெரிக்காவில் அது முதலிடத்துக்கே போனது. பிரிட்டனில் ஆறாம் இடம்.

அந்தப் பாட்டின் வீடியோவில் இருண்ட திரையில் வரிகள் மட்டும் வந்து வந்து மறைகின்றன. வேறெதுவும் இல்லை. இன்றைக்கு எந்தப் பாட்டு வந்தாலும் முதலில் லிரிக் வீடியோதான் வருகிறது, அதனால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸும் 1987இல் இதைப் போல ஒன்று செய்திருந்தார். ஆனால் எம்டிவி என்ற இசை வீடியோ சேனல் ஒரு பாடகரின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அந்த சேனலின் செல்லப்பிள்ளை இனிமேல் வீடியோவில் வர மாட்டேன் என்று சொல்வது கடைக்காரரே கடையைச் சாத்துவது மாதிரி. நிறுவனத்துக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

குரல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமானால் 'தே வோன்ட் கோ வென் ஐ கோ' கேட்க வேண்டும். அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் 1974இல் பாடியது. பியானோவும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குரல்களும்தான். தேவாலயத்தில் யாரும் இல்லாத நேரத்தில் பாடுவது போல இருக்கும். பிறர் பாட்டைத் தன் ஆல்பத்தில் எடுத்து, அதுவும் ஸ்டீவி வொண்டர் பாட்டை எடுத்து, கெடுக்காமல் விடுவதே பெரிய விஷயம். இவர் அதை இன்னும் தனிமையாக்கிவிட்டார். 'கௌபாய்ஸ் அண்ட் ஏஞ்சல்ஸ்' ஏழு நிமிடம் ஓடும் ஜாஸ் வால்ட்ஸ். ஒன்று-இரண்டு-மூன்று என்று தூக்கத்தில் ஆடுவது போன்ற தாளம், நடுவில் சாக்ஸபோன். இதைப் போய் சிங்கிளாக விட்டார்கள். பிரிட்டனின் முதல் நாற்பதுக்குள் நுழையாத அவருடைய முதல் சிங்கிள் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது, பாவம். 'வெயிட்டிங் ஃபார் தட் டே' பாட்டு முடியும்போது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் புகழ்பெற்ற வரி ஒன்றை முணுமுணுக்கிறார். அதற்காகப் பாட்டெழுதியவர்கள் பட்டியலில் அந்தக் குழுவின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் சேர்ந்துகொண்டார்கள். 'ஹீல் தி பெயின்' கேட்டால் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி எழுதினாரோ என்று சந்தேகம் வரும். 2006இல் மெக்கார்ட்னியே அவரோடு சேர்ந்து அதைப் பாடிவிட்டார்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பிற்பாதியில் ஓரிரண்டு இடங்களில் ஆல்பம் தொய்கிறது. 'சோல் ஃப்ரீ' காலத்தின் ஓசையில் சிக்கிக்கொண்ட பாட்டு. 'மதர்ஸ் ப்ரைட்' வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கிறது. கணவனைப் போருக்குக் கொடுத்த ஒரு தாய், மகனையும் அதே வழியில் அனுப்புகிற துக்கம் அதில் இருக்கிறது. 1991 தொடக்கத்தில் வளைகுடாப் போர் நடந்தபோது அமெரிக்க வானொலிகள் அதை எடுத்துப் போட்டன. போர்முனையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டார் தொலைபேசியில் சொன்ன வாழ்த்துகளைப் பாட்டுக்கு நடுவே சேர்த்து ஒலிபரப்பினார்கள். துக்கத்துக்காக எழுதிய பாட்டு வழியனுப்பும் பாட்டாகிவிட்டது.

'ஃப்ரீடம்! '90'க்குத் திரும்ப வர வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையின் சாவியும் அங்கேதான் கிடக்கிறது. பெயருக்குப் பின்னால் '90 ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், 1984இல் 'வாம்!' குழுவுக்கே 'ஃப்ரீடம்' என்று ஒரு பாட்டு இருந்தது. 'ஃபெய்த்' பாட்டின் தொடக்கத்தில் ஒரு தேவாலய ஆர்கன் வாசிக்கிறதே, அது அந்தப் பழைய 'ஃப்ரீடம்' மெட்டுதான். அதாவது 1987இல் பழைய பாட்டுக்கு இறுதிச் சடங்கு செய்துவிட்டுப் புது ஆள் வந்தார். 1990இல் அந்தப் புது ஆளுக்கும் கொள்ளி வைத்தார். வரிகளும் அதைத்தான் சொல்கின்றன: சின்னப் பையனாக இருந்தேன், பள்ளிக்கூடத்துப் பெண்களின் கனவாக இருந்தேன், நல்ல உடுப்பு, நல்ல பணம், ஆனால் உடுப்பு மட்டுமே ஆள் ஆகிவிடாது, உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்த விஷயம் என்னவென்று அப்போது அவர் சொல்லவில்லை. 1998இல் பெவர்லி ஹில்ஸில் கைதான பிறகுதான் தான் ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகப் பேசினார். அதற்கப்புறம் அந்த வரிகளைக் கேட்பவர்கள் வேறு பாட்டைக் கேட்கிறார்கள்.

முகத்தை மறைக்கப் போய் என்ன ஆனது என்பதுதான் வேடிக்கை. அந்த ஐந்து மாடல்களும் 1990 ஜனவரி பிரிட்டிஷ் 'வோக்' ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் பீட்டர் லிண்ட்பெர்க் எடுத்த படத்தில் ஒன்றாக வந்தவர்கள். அதைப் பார்த்துத்தான் ஜார்ஜ் மைக்கேல் அவர்களைக் கூப்பிட்டார். தன் முகம் பொருளாகிவிட்டது என்று நொந்துகொண்டவர், அந்த இடத்தை நிரப்ப அதைவிட விலையுயர்ந்த ஐந்து முகங்களைக் கொண்டுவந்தார். இதில் முரண் இருக்கிறதா? நிச்சயம் இருக்கிறது. பாட்டைவிட வீடியோதான் அதிகம் பேசப்பட்டது. அடுத்த வருடம் மிலான் நகரில் வெர்சாச்சேயின் ஃபேஷன் ஷோவில் அவர்களில் நான்கு பேர் கைகோத்து இந்தப் பாட்டுக்கு வாயசைத்தபடி நடந்துவந்தார்கள். 'சூப்பர் மாடல்' காலம் என்று சொன்னாலே ஃபேஷன்காரர்கள் காட்டும் காட்சி இன்றும் அதுதான். அந்த நடையிலும் பாடகர் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் விற்பனைக் கணக்கு வந்தது. பிரிட்டனில் ஆல்பம் முதலிடம். மொத்தத்தில் அங்கே 'ஃபெய்த்'தைவிடவும் கூடுதலாக விற்றது. 1991இல் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பத்துக்கான பிரிட் விருதும் அதற்குத்தான். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கதை வேறு. ராப் பாடகர் எம்.சி. ஹாமரின் ஆல்பம் முதலிடத்தை விட்டு நகர மறுத்ததால் இது இரண்டாம் இடத்தோடு நின்றது. 'ஃபெய்த்' ஒரு கோடிப் பிரதி தாண்டிய அதே அமெரிக்காவில் இதற்கு இருபது லட்சத்துக்கான சான்றிதழ் கிடைத்தது. உலகம் முழுக்கச் சேர்த்தால் எண்பது லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

எண்பது லட்சம் பிரதி விற்றதைத் தோல்வி என்று எழுதினார்கள். வேறு எந்தப் பாடகராவது இருந்திருந்தால் ஊர்வலம் விட்டிருப்பார்கள். ஓர் ஆல்பத்தை அதன் பாட்டுகளை வைத்து யாரும் எடை போடுவதில்லை, முந்தைய ஆல்பத்தைப் படிக்கல்லாக வைத்துத்தான் போடுகிறார்கள். விமர்சகர்களில் பலர் பாராட்டினார்கள், வளர்ந்துவிட்டார் என்று எழுதினார்கள். ஆனால் கணக்குப் பிள்ளையின் நோட்டில் வளர்ச்சிக்கு என்று தனிப் பத்தி கிடையாது. 'ஃபெய்த்' இல்லாமல் இந்த ஆல்பம் மட்டும் வந்திருந்தால் அதன் பெயரே வேறாக இருந்திருக்கும்.

விளம்பரம் செய்யாமல் இருந்தது விற்பனையைக் குறைத்தது என்பதும் உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. பாடகர் தன் விரலாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டார் என்று நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் தோன்றும். இதைப் பற்றி அவர் 'லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்' பேட்டியில் மனம் விட்டுப் பேசினார். புகழ் என்னை நசுக்குகிறது, இனி விளம்பரத்துக்கு ஓட மாட்டேன் என்றார். ஒரு வாரத்தில் பதில் கடிதம் வந்தது. எழுதியவர் பழம்பெரும் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. அப்போது 74 வயது. புகழின் சோகம் பற்றிப் பேசாதே தம்பி, யாரும் வராத காலி மண்டபத்தில் துடைக்க வந்த அம்மாவுக்குப் பாடிக்கொண்டிருப்பதுதான் உண்மையான சோகம், நீ அந்த இடத்துக்குக் கிட்டவே வரவில்லை, கொஞ்சம் இளகு என்ற தோரணையில் இருந்தது கடிதம். படிக்கச் சுவையாக இருக்கும். பேருந்தில் தூங்கி, வாத்தியம் இறக்கி மேலே வந்த தலைமுறையின் குரல் அது. ஆனால் சினாட்ரா 1960இல் சொந்தமாக ரிப்ரீஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தையே தொடங்கியவர். தன் பாட்டு தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினார். அந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி என்பதை அந்தக் கடிதம் சொல்லவில்லை.

அடுத்தது கோர்ட். இதைப் புரிந்துகொள்ள ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். 1982இல் 'வாம்!' குழுவாக இன்னர்விஷன் என்ற சிறு நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அது மோசமான ஒப்பந்தம், சண்டையாகி வழக்காகி, 1984இல் சமரசமாகி, சிபிஎஸ் இசைக் குழுமத்தின் எபிக் நிறுவனத்துக்கு மாறினார்கள். 1988 ஜனவரியில் சோனி 200 கோடி டாலருக்கு சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை வாங்கியது. அதே வருடம் ஜார்ஜ் மைக்கேலின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. காசு கூடியது. பதிலுக்கு எட்டு ஆல்பம் வரை அவர் கட்டுப்பட்டார், கணக்குப் போட்டால் 2003 வரைக்கும் இழுக்கும். ஒரு ஆல்பத்தைக் கொடுத்தால் நிறுவனம் அதை எப்படி விற்க வேண்டும் என்று கேட்க அவருக்குப் பெரிதாக வழியில்லை. வேறு யாருக்கும் பாட முடியாது. ஒலிப்பதிவுச் செலவு அவருடைய ராயல்டியிலிருந்தே கழியும், ஆனால் மாஸ்டர் நாடா, அதாவது மூலப் பதிவு, நிறுவனத்துக்குச் சொந்தம். வீட்டுக்கடனைக் கடைசித் தவணை வரை கட்டி முடித்த பிறகும் பத்திரம் வங்கியிடமே இருக்கும் என்பது மாதிரி. இது சோனியின் தனிக் கண்டுபிடிப்பு இல்லை. அன்றைக்கு அந்தத் தொழில் முழுக்க இப்படித்தான் நடந்தது.

தன் புதிய திசையை நிறுவனம் விரும்பவில்லை, அதனால் ஆல்பத்தை மனம் வைத்து விற்கவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. தான் பதின்வயதில் சேர்ந்த இசை நிறுவனம் ஒரு பெரிய மின்னணுக் கம்பெனியின் உற்பத்தி வரிசையில் ஒரு சிறு துண்டாகிவிட்டது என்றும் சொன்னார். 1992இல் வழக்குப் போட்டார். 1993 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. வழக்கின் பெயரில்கூட 'ஜார்ஜ் மைக்கேல்' இல்லை. பிறந்தபோது வைத்த கிரேக்கப் பெயர்தான்: பனாயோட்டு எதிர் சோனி.

தொழில் செய்யும் உரிமையை நியாயமில்லாமல் கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது ஆங்கிலேயச் சட்டத்தில் பழைய கோட்பாடு. இசைத்துறையில் அது பலமுறை வென்றிருக்கிறது. 1974இல் டோனி மெக்காலே என்ற பாடலாசிரியரை, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. 1989இல் 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' குழுவின் ஹாலி ஜான்சன் ஜெயித்தார். 1991இல் 'ஸ்டோன் ரோஸஸ்' குழு ஜெயித்தது. அப்புறம் இவருக்கு மட்டும் ஏன் கைவிரித்தார்கள்? அவர்களெல்லாம் கையெழுத்துப் போட்டபோது பெயரில்லாத இளைஞர்கள். நீட்டிய இடத்தில் போட்டார்கள். ஜார்ஜ் மைக்கேல் 1988இல் உலகத்திலேயே அதிகம் விற்ற பாடகர்களில் ஒருவர், பக்கத்தில் இசைத்துறையின் அனுபவசாலி வக்கீல். நீதிபதி ஜொனாதன் பார்க்கர் 1994 ஜூன் 21 அன்று கொடுத்த தீர்ப்பில் இதைத்தான் பிடித்தார். 1984 ஒப்பந்தம் ஒரு வழக்கை முடித்த சமரசம். சமரசங்களை இஷ்டத்துக்குக் கிளற விட்டால் எந்த வழக்கும் ஓயாது. 1988இல் நடந்தது அதே ஒப்பந்தத்தை அவருக்குச் சாதகமாக மாற்றியதுதான். அதற்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தின்படி முன்பணத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஏற்றுக்கொண்ட ஒன்றை இப்போது செல்லாது என்று எப்படிச் சொல்வது?

சட்டமாகப் பார்த்தால் தீர்ப்பில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் அது தொட்டுக்கூடப் பார்க்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பணக்காரனாக இருந்தால் கட்டு கட்டு இல்லையா? வெளியே வந்த ஜார்ஜ் மைக்கேல் இதைத் தொழில்முறை அடிமைத்தனம் என்றார். அதே காலத்தில் பிரின்ஸ் தன் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். கோடீஸ்வரர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது பலருக்கு எரிச்சலாக இருந்தது, எனக்கும் அந்தச் சொல் பொருத்தமாகப் படவில்லை. சொல் தவறினாலும் புகார் தவறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வழக்கின் பிடிவாதத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. 1991 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் பாடப் போனபோது கூட்டத்தின் முன்வரிசையில் அன்செல்மோ ஃபெலெப்பா என்பவரைப் பார்த்தார். வாழ்க்கையின் பெரிய காதல் என்று பின்னாளில் அவரே சொன்ன உறவு. ஃபெலெப்பா எய்ட்ஸ் தொடர்பான நோயால் 1993 மார்ச்சில் இறந்தார். ஏழு மாதத்தில் கோர்ட் விசாரணை. அந்தத் துக்கத்தை வெளியே சொல்ல முடியாத ஒரு மனிதர் சாட்சிக் கூண்டில் நின்று ராயல்டி பற்றிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று செய்தி எழுதியவர்களுக்கு இது தெரியாது.

'தொகுதி 1' என்றால் 'தொகுதி 2' எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டப் பாட்டுகளாக ஒரு தொகுதி போடுவது திட்டம். அது வரவே இல்லை. அதற்காக வைத்திருந்தவற்றில் மூன்று பாட்டுகளை 1992இல் எய்ட்ஸ் நிவாரண நிதிக்காக வெளியான 'ரெட் ஹாட் + டான்ஸ்' தொகுப்புக்குக் கொடுத்துவிட்டார். அதில் ஒன்றுதான் 'டூ ஃபங்கி'.

மேல்முறையீடு நடப்பதற்கு முன்பே 1995இல் சமரசம் வந்தது. ட்ரீம்வொர்க்ஸ், வர்ஜின் என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து சோனியிடமிருந்து அவரை விலை கொடுத்து மீட்டன. 1996இல் 'ஓல்டர்' ஆல்பம் வந்தது. அந்த வருடம் அக்டோபரில் லண்டனில் மின் வாத்தியங்களைத் தவிர்த்துப் பாடும் எம்டிவி அன்ப்ளக்டு நிகழ்ச்சிக்காகச் சின்ன அரங்கில் உட்கார்ந்து பாடியபோது 'ப்ரேயிங் ஃபார் டைம்' மறுபடி வந்தது. அந்தப் பாட்டை எதிரொலியெல்லாம் இல்லாமல் கேட்டால் அது எவ்வளவு நேராக எழுதப்பட்டது என்று தெரியும். பல வருடம் ஓடிவிட்டு 2003இல் அவர் எங்கே போய்க் கையெழுத்துப் போட்டார் தெரியுமா? சோனியில். 2004இல் அடுத்த ஆல்பம் அங்கிருந்துதான் வந்தது. ஒப்பந்தப்படியே இருந்திருந்தாலும் கிட்டத்தட்ட அந்த வருடம்தான் விடுதலை ஆகியிருப்பார்.

2012 ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் அவர் மேடையேறியபோது முதலில் பாடியது 'ஃப்ரீடம்! '90'. பிரிட்டனில் 28ஆம் இடத்துக்கு மேல் போகாத பாட்டு அது. அரங்கமே சேர்ந்து பாடியது. 2016 கிறிஸ்துமஸ் அன்று 53 வயதில் அவர் இறந்தார். அடுத்த வருடம் அக்டோபரில், அவர் கடைசி வரை வேலை செய்துகொண்டிருந்த 'ஃப்ரீடம்' ஆவணப்படம் தொலைக்காட்சியில் வந்தது. கூடவே, அந்த அன்ப்ளக்டு கச்சேரியையும் சேர்த்து ஆல்பம் மறுபடி வெளியானது. பிரிட்டனில் 27 வருடம் கழித்து இரண்டாம் முறையாக முதலிடம். பேட்டி கொடுக்கவோ வீடியோவில் நிற்கவோ இந்த முறையும் பாடகர் இல்லை. வெளியிட்டது சோனி. அட்டையில் அதே கோனி ஐலண்ட் கூட்டம், கேமராவைப் பார்த்தபடி.